கதவுக்கு இந்தப் பக்கம்

"கிளம்பிட்டோம்ப்பா. அக்காவும் அப்பா கூடவே வண்டியில வரா" என்று சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னபோது, சின்னவன் அக்காவின் மேஜைமேல் குனிந்து கத்தரிக்கோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். காகிதம் வெட்டும் கத்தி, புத்தகம் தைக்கிற ஊசிகள், துளை போடும் குத்தூசி, எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயின. சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியையும் எடுத்தான். குளியலறையில் அப்பாவின் சவரப் பெட்டி இருந்தது. அதையும் பைக்குள் போட்டான். பையைத் தன் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.

நாற்பது வயதாகி, பாதித் தலை நரைத்த பிறகும் வீட்டில் அவன் சின்னவன்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எது எப்போது அறுந்து விழும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். காலையில் அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் முதலில் வந்த நினைப்பு அப்பாவைப் பற்றியது அல்ல. அக்கா என்ன செய்துகொள்வாளோ என்பதுதான். பெற்ற அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியாமல் பண்ணிவிட்ட அந்தப் பயத்தின்மேல் அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பயம் சும்மா வரவில்லை. சாகத் துணிந்து, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கண்விழித்தவள் அக்கா. நடுவில் ஒரு வருடம் முழுக்கக் கட்டிலை விட்டே எழவில்லை. எழுந்த பிறகு அந்த வருடத்தைப் படமாக வரைந்தாள், பாட்டாகக் கட்டினாள், காகிதப் பொம்மைகள் வெட்டித் திரைக்குப் பின்னால் ஆடவிட்டாள். எந்தப் பதிப்பகமும் சீந்தவில்லை. தானே அச்சடித்து, தானே தைத்துப் புத்தகமாகப் போட்டாள். விற்கப் போகும்போது அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார். "என் பொண்ணு போட்டது. படிச்சா தூக்கம் வராது, வாங்கிட்டுப் போங்க" என்பார். அவர் வாயாலேயே வியாபாரம் பாதி படுத்துவிடும். சின்னவன் அந்தப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. குடும்பம் சந்தி சிரிக்கிறதே என்று அவனுக்குக் கூச்சம்.

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் புரட்டியிருக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் ஒரு மூடிய கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் அப்பாவின் கால்கள். ஒரு பக்கத்தில் "இருக்கியா?" என்று இருக்கும். அடுத்த பக்கத்தில் "இருக்கேன்." அதில் கற்பனை எதுவும் கிடையாது. அக்காவின் அறைத் தாழ்ப்பாளை அப்பா என்றோ கழற்றிவிட்டார். ஆனாலும் அவள் கதவைச் சாத்திக்கொண்டால் தள்ளித் திறக்க மாட்டார். வெளியே நின்று கேட்பார். பதில் வந்ததும் போய்விடுவார்.

வண்டி வந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். அக்கா அழவில்லை. அப்பாவின் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை இருந்தது.

"இதக் கழட்டணும். அப்பா வாட்ச் கூடக் கட்டமாட்டாரு."

அத்தை சமையலறைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். "ஒரு கத்தி கூடக் காணோம். எங்கண்ணன் என்னத்த வச்சுத்தான் இத்தன நாளு காய் நறுக்குனாரோ!"

சித்தப்பா பட்டையை இழுத்துப் பார்த்தார். கடைசியில் குனிந்து பல்லால் கடித்தார். பல்செட் இடம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"என் டேபிள்ல கத்தரிக்கோல் இருக்கும். எடுத்துட்டு வாடா" என்றாள் அக்கா.

சின்னவன் நகரவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

"எங்க வச்சிருக்க?"

"கார்ல."

"எல்லாத்தையுமா?"

"ம்."

"அப்பாவோட ஷேவிங் செட்டு?"

தலையை மட்டும் ஆட்டினான். சித்தப்பா பல்செட்டைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா ஒரு நாளும் எதையும் ஒளிச்சதில்லடா. கேப்பாரு, அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

பையை அப்படியே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, அப்பாவின் தோலில் படாமல் பட்டையை வெட்டினாள். பிறகு பையோடு எழுந்தாள்.

"எப்ப எடுக்கறாங்க?"

"மத்தியானம். ஏன்க்கா?"

"எல்லாருக்கும் பொம்ம செஞ்சேன். அப்பாவுக்கு மட்டும் செய்யல. கூட அனுப்பணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அறிவிருக்காடா உனக்கு? கைல குடுத்து உள்ள அனுப்பிட்டு மரம் மாதிரி நிக்கிற! போய்ப் புடுங்குடா."

கதவருகே போனான். உள்ளே காகிதம் வெட்டுப்படும் சத்தம் சீராகக் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் அவனால் மூச்சு விட முடிந்தது. சட்டென்று நின்றது. காத்திருந்தான். மறுபடி கேட்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். கையைக் கதவில் வைத்துவிட்டான்.

ஆனால் தள்ளவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவன் இதுவரை சொன்னதே இல்லை.

"இருக்கியா?"

காதைக் கதவோடு சேர்த்து வைத்தான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அக்கா வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "இருக்கேன்" என்றாள்.

பதில் வந்ததும் போய்விட வேண்டும். அவன் கால்களுக்கு அது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் போனான்.

"தொறந்தியாடா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்த."

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டை இருந்த இடத்தில் தோல் அழுந்தி ஒரு தடம் தெரிந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டான். அவன் காது மட்டும் அந்த அறைப் பக்கமே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது.