சம்மாட்டியாரின் இடது கதவு

வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் காருக்கும் பூசுகிற ஆட்களை மன்னார்த் தீவின் பேசாலையில்தான் பார்க்கலாம். மரத்துக்கு அது நல்லது, உப்புத் தண்ணீர் ஊறாது. இரும்புக்கு? அந்த எண்ணெயில் கடற்கரை மணல் வந்து ஒட்டும். கதவைத் திறக்கத் திறக்க மணல் இரும்பைத் தின்னும். பதினெட்டு வருடமாக எருக்கலம்பிட்டியில் கார் திருத்துகிற கராச் வைத்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அன்று பேசாலை மாக்கிறட் அக்கா கொண்டுவந்த பழைய மொறிஸ் மைனரின் இடது கதவைத் திறந்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கதவு நான்கு விரல் கீழே தொங்கியது. நாற்றம் ஊரைக் கூட்டியது.

"அக்கா, இது காரோ கருவாட்டு வாடியோ? வலது கதவு புதுசு மாதிரிக் கிடக்குது. இதிலை மட்டும் என்ன, குரங்கு தொங்கினதோ?"

அவர் கோபிக்கவில்லை. "எண்ணெய் எங்கட வள்ளத்துப் பெடியள் பூசினது. பிணைச்சலை மாத்தித் தாங்கோ தம்பி. நாளைக்கு விடியக் கார் வேணும்" என்றார்.

பிணைச்சல் என்றால் கதவின் கீல். இந்த வயதுக் காருக்குப் புதுசு மன்னாரில் தேடிக் கிடைக்காது. நல்லகாலம், முசலியில் உடைத்த இன்னொரு மைனரிலிருந்து கழற்றிய சோடி ஒன்று என்னிடம் இருந்தது. கதவுக்குக் கீழே சாக்குப் போட்டு ஜாக்கியை முட்டுக்கொடுத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். பழைய பிணைச்சலிலிருந்து பின்னைத் தட்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மணல் தின்றால் சுற்றிவரத் தின்னும். இது ஒரே பக்கம் தேய்ந்திருந்தது. விரல் தடிப்பு உருக்கில் பாதியைக் காணவில்லை. இரண்டாவது பின்னும் அதே கதிதான்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இந்தக் கதவிலை ஆர் தொங்கினது?"

"அவர்தான்."

அவர் என்றால் அக்காவின் கணவர் பஸ்ரியன் சம்மாட்டியார். வள்ளமும் வலையும் வைத்து ஊரையே கட்டி ஆண்ட மனிதர். மூன்று வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாததை அக்கா சொன்னார். ஒவ்வொரு விடியலும் அவரைக் காரில் கரைக்குக் கொண்டுபோகிறார். கடலிலிருந்து வருகிறவனை உட்கார்ந்துகொண்டு வரவேற்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. தங்கள் வள்ளம் தெரிந்ததும் சம்மாட்டியார் எழும்பவேண்டும். கண்ணாடியை இறக்கிய கதவின் மேல்விளிம்பை வலது கையால் பிடித்து, அந்த ஒரு கையாலேயே தன்னைத் தூக்கி நிறுத்துவார்.

"பிடிச்சுத் தூக்க வீட்டிலை ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். கிட்டப் போனால் ஏச்சுத்தான். தன்ரபாட்டிலை எழும்பேலாமல் போற நாளோடை கரைக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். கரைக்குப் போகாட்டி அவர் கனநாள் இருக்கமாட்டார் தம்பி."

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாலும் ஆயிரம் விடியலுக்குக் கிட்ட வரும். ஒரு மனிதன் எழும்பி எழும்பியே உருக்கைப் பாதியாக்கியிருக்கிறான். சுப்ஹானல்லாஹ்! குரங்கு என்று சொன்ன நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அஸர் தொழுகை வரைக்கும் வேறு வேலை தொடவில்லை. பிணைச்சல்களைக் கழுவிப் புதுப் பின் அடித்துப் பூட்டினேன். தொங்கிய கதவை நேர்மட்டத்துக்குத் தூக்கினேன். ஒற்றை விரலால் தள்ள, கதவு சத்தமில்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. என் கைக்கு நானே முத்தம் கொடுக்காத குறை.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு, என் வேலையின் அழகைப் பார்க்கவென்றே பேசாலைக் கரைக்குப் போனேன். தண்ணீரோரம் கார் நின்றது. வள்ளம் தெரிந்தது. சம்மாட்டியார் இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, வலது காலையும் வைத்து, கதவைப் பிடித்து இழுத்தார்.

கதவு அவரோடு கூடவே வந்தது. அவர் இருக்கையில் சரிந்தார். மறுபடி இழுத்தார். மறுபடியும் கதவு சொன்ன சொல் கேட்கிற பிள்ளையாக அவர் பக்கமே வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சில்லுகள் கரையில் புதைய, தொங்கிய கதவின் கீழ்மூலை இத்தனை நாளும் மணலில் குத்தி, நட்ட கட்டையாக நின்றிருக்கிறது. நான் அதை நிமிர்த்திக் காற்றுக்கும் ஆடுகிற கதவாக்கிவிட்டேன். அந்த மனிதனின் ஊன்றுகோலை நானே பிடுங்கிவிட்டேன்.

மூன்றாம் தரமும் சரிந்தார். வள்ளத்தையே பார்த்தபடி இருந்தார்.

"வீட்டை போவம்" என்றார்.

ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"அவரைத் தொடாதையுங்கோ!" மாக்கிறட் அக்கா கத்தினார். "கதவைப் பிடியுங்கோ!"

மணலில் முழங்காலூன்றி, கதவின் விளிம்பை இரண்டு கையாலும் அணைத்துத் தோளைக் கொடுத்தேன்.

"ஆரது?" சம்மாட்டியார் உறுக்கினார்.

"கராச் பைறூஸ். கதவை மட்டுந்தான் பிடிக்கிறன். இழுங்கோ."

பாரம் வந்தது. எஞ்சின் தூக்கியிருக்கிறேன், லொறியின் கியர்ப்பெட்டியை நெஞ்சில் தாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு பாரத்தை நான் அறிந்ததில்லை. ஒரு மனிதன் எழும்புவது இரும்பு வழியாக என் தோள் எலும்புக்குள் வந்தது. நடுவில் நின்றது. நடுங்கியது. திரும்பவும் வந்தது. என் முழங்கால்கள் மணலுக்குள் இறங்கின. கதவுக்குக் கீழே அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. இரண்டும் நிலத்தில் ஊன்றியிருந்தன.

திடீரென்று கதவில் இழுவை இல்லை. விழுந்துவிட்டார் என்று பதறி நிமிர்ந்தேன்.

விழவில்லை. நேராய் நின்ற கதவில் விலாவைச் சாய்த்து நின்றார். கதவிலிருந்த கை இப்போது கடலைப் பார்த்து உயர்ந்திருந்தது. வள்ளத்தில் எஞ்சின் சத்தம் நின்றது. அதிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள்.

"மூண்டு வருசமா எழும்பினவர்தான்" என்று அக்கா எனக்குப் பின்னால் அழுதார். "ஆனா தொங்கின கதவிலை சாயேலாது, அவற்ர கை கதவிலையே போச்சுது. பெடியளுக்குக் கை காட்ட இன்னொரு கை இருக்கேல்லை."

வள்ளம் கரை தட்டும்வரை நான் கதவை விடவில்லை.