பலீலாவின் கீழ்ப்பற்கள்

"கீழ்வரிசைப் பல் அவ்வளவையும் புடுங்கணும்டு அவர் செல்றார்" என்று சொல்லிக்கொண்டே பலீலா டொக்டர் நாகேந்திரத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

'அவர்' என்றது டொக்டர் றேமண்டை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே மாடியில், அடுத்தடுத்த அறைகளில், றேமண்டும் நாகேந்திரமும் பல் வைத்தியம் பார்த்து வந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலம்.

பலீலா கல்யாணப் பெண்களுக்கு உடுப்புத் தைப்பவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. "குண்டூசி புடிக்கிறது, நூலு கடிக்கிறது எல்லாம் இந்தப் பல்லாலதான். நீங்களும் ஒருக்காப் பார்த்துச் செல்லுங்க டொக்டர்" என்றாள்.

நாகேந்திரம் தன் அளவுக்கம்பியை எடுத்தார். நோய்ப்பட்ட முரசு, அதாவது பல்லின் ஈறு, பல்லைவிட்டு விலகி ஒரு பள்ளமாகிவிடும்; அதற்குள் கம்பியை இறக்கி ஆழம் பார்ப்பது வழக்கம். முரசில் இரத்தம் கசிந்தது. ஆனால் எந்தப் பல்லிலும் கம்பி நான்கு மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. றேமண்டோ ஏழு என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

நாகேந்திரத்துக்குத் தன் கையில் சந்தேகமே கிடையாது. நேரே அடுத்த அறைக்குப் போனார்.

"றேமண்ட், நல்ல பல்லுகளைப் புடுங்கப் போறீர்."

"என்ர கம்பி லண்டனிலயிருந்து போன கிழமைதான் வந்தது. உம்மட கம்பி யுத்த நேரம் செட்டியார் தெருவில தட்டாரிட்ட செய்விச்சது. எதை நம்பச் சொல்றீர்?"

"ரெண்டையும் நம்ப வேண்டாம். ரெண்டு பேரும் ரெண்டு கம்பியாலயும் அளப்பம். ஒருத்தர் அளக்கேக்க மற்றவர் வெளியில நிக்கட்டும்."

பலீலா சம்மதித்தாள். "புடுங்கிறத விட இது நோகாதுதானே!"

அளந்து முடிந்ததும் இருவரும் முகம் சுளித்தார்கள். ஒரே பல்லில் நான்கு அளவுகளும் நான்கு விதம். கம்பிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அளவுக் கோடுகள் இரண்டிலும் சரி. செட்டியார் தெருக் கம்பியின் முனைதான் தடிப்பம். ஒடுங்கிய பள்ளத்துக்குள் அது இறங்கவே இறங்காது. லண்டன் கம்பி மெல்லியது. ஆனால் அதாலும் இருவருக்கும் வேறு வேறு அளவுதான் வந்தது; மிச்ச வித்தியாசம் கைகளில்.

நாகேந்திரம் மேசையிலிருந்த, கடிதம் நிறுக்கும் சிறு தராசைக் காட்டினார். "வாயில அழுத்தின மாதிரியே இதில அழுத்தும்."

றேமண்ட் அழுத்தினார். முள் அரைவாசிக்கு மேல் ஓடியது. நாகேந்திரம் அழுத்தியபோது சற்றே அசைந்தது. றேமண்ட் தன் விரல்களையே பார்த்தபடி நின்றார். "நான் பள்ளத்தை அளக்கேல்லை, துளைச்சிருக்கிறன்" என்றார்.

தராசில் பழகிப் பழகி இருவரும் ஒரே இலேசான அழுத்தத்துக்கு வந்தார்கள். நொந்த முரசு ஆறட்டும் என்று ஒரு கிழமை விட்டு, மெல்லிய கம்பியால் மறுபடி அளந்தார்கள். இம்முறை இருவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தது. அநேகமான பற்கள் பிழைக்கும். ஆனால் கடைவாய்ப் பல் ஒன்றின் பின்புறம் கம்பி கடைசிக் கோடுவரை போயிற்று, அடியில் சீழ். தடித்த முனையால் நாகேந்திரம் தவறவிட்ட இடம் அது.

"இதில நீர்தான் சரி" என்றார் அவர். சொல்லக் கொஞ்சம் கசந்தது. ஆனாலும் சொன்னார். பிறகு பலீலாவிடம், "ஒரு பல் போகத்தான் வேணும். மற்றதுகளை நாங்கள் காப்பாத்துவம்" என்றார்.

"நிச்சயமா?"

"ஓம். இப்ப நிச்சயமாச் சொல்லலாம்."

அந்தப் பல்லை றேமண்டே எடுத்தார். மற்றவற்றில் இறுகியிருந்த பற்காரையை நாகேந்திரம் கிழமைக்குக் கிழமை சுரண்டிச் சுத்தம் செய்தார். மழைக்காலம் கழிவதற்குள் இரத்தக் கசிவு நின்று, பள்ளங்கள் ஆழம் குறைந்தன. றேமண்ட் தானாகவே வந்து அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதன்பின் எந்த நோயாளிக்கும் பல்லைப் பிடுங்குவதென்றால், அதற்கு முன் இரு அறைக் கதவுகளும் ஒருமுறை திறக்கும்.

"நாகேந்திரம், ஒருக்கா வாரும். நான் அளந்ததைச் சொல்லமாட்டன், நீர் அளந்து சொல்லும்."