எட்டாவது திருகு

1

இந்தக் கதை ஒரு வாளியிலிருந்து பிறந்தது. பொய் சொல்வானேன், வாளி பாதி, என் கோழைத்தனம் பாதி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மொன்டானாவின் காற்று அன்று’— வேண்டாம். காற்றின் மேல் பழி போடுவது இங்கே குறிபார்த்துச் சுடுகிற எல்லோருக்கும் உள்ள வியாதி.

2

மறுபடி. ரோண்டா ஹால்வர்சனின் பட்டறையில் ஒன்பது வருடமாக மில்லிங் மெஷின் ஓட்டுகிறேன். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் போட்டித் துப்பாக்கிகளுக்கு முன்பிடி செய்கிறோம். (குழலைத் தொடாமல் சுற்றி நிற்கும் அலுமினியக் கூடு. கட்டையில் சாய்த்து அழுத்தும்போது அது வளைந்தால், அது திருகி நிற்கும் ரிசீவரும், அதாவது துப்பாக்கியின் நடு உடலும், இம்மி அசையும். தொலைநோக்கி ஒரு பக்கம் பார்க்கும், குழல் வேறு பக்கம் பார்க்கும்.) இரண்டு குளிர்காலம் மண்டையை உடைத்துக்கொண்டு, வளையாத ஒன்றை ரோண்டா செய்து முடித்தாள். சனிக்கிழமை போட்டியில் அவள் தம்பி டெல் அதை வைத்துச் சுட வேண்டும். தோற்றால் பட்டறைக்குப் பூட்டுதான்.

வியாழக்கிழமைப் பயிற்சியில், நானூறு கெஜத்தில், புதியதை மாட்டி அவன் சுட்டதெல்லாம் வலப்பக்கம் போயிற்று.

“உன் முன்பிடி கோணல், ரோண்டா.”

“அது நேராத்தான் இருக்கு. உன் மூஞ்சிதான் கோணல்.”

“பதினோரு வருஷமா பழசுல ஒரு குறித்தட்டு தப்புனதில்ல. வேணும்னா அதையே கேளு.”

“கேட்டேன். உன்னோட இருந்ததச் சொல்லவே வெக்கப்படுது.”

3

டெல் போனதும், துப்பாக்கியைப் பக்கவாட்டில் வைஸ் இடுக்கியில் கவ்வி, குழலுக்குள் லேசர் பொருத்தி, டெல் சாய்த்து அழுத்துவதற்கு ஈடாக முன்பிடி நுனியில் ஈயம் நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டோம். புதியதில் சுவரின் சிவப்புப் புள்ளி அசையவே இல்லை. பழையதில் நழுவிற்று. கணக்குப் போட்டோம்: நானூறு கெஜத்தில் எட்டு விரல், இடப்பக்கம்.

டெல் தப்பியதும் எட்டு விரல். வலப்பக்கம்.

“பழசு வளையுற அளவுக்கு வலப்பக்கம் தள்ளியே குறி வச்சிருக்கான்,” என்றாள் ரோண்டா. “பதினோரு வருஷம். அவனுக்கே தெரியாது.”

“சொல்லிடலாமே.”

“சொன்னா யோசிப்பான். விசையில விரல வச்சுக்கிட்டு யோசிக்கிறவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

(இங்கே ‘ரோண்டா அழுதாள்’ என்று எழுதியிருந்தேன். அழவில்லை. ஆறிப்போன பர்ரிட்டோ ஒன்றைத் தின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.)

4

முடிவுகள்.

அ: சொல்கிறோம். டெல் சிரிக்கிறான், திருத்திக்கொள்கிறான், ஜெயிக்கி— மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். டெல் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆ: சொல்லவில்லை. தோற்கிறான். வளையாததன் மேல் பழி விழுகிறது.

இ: பழையதற்குப் புதியதன் சாயத்தை அடித்து மாட்டிவிடுவது. டெல் ஜெயிப்பான். ஊர் கைதட்டும், தப்பான பொருளுக்கு. அதை நம்பி வாங்குகிறவர்களிடம் ரோண்டா ஆயுள் முழுக்கச் சிரிக்க வேண்டும்.

5

சனிக்கிழமை காலை மேசைமேல் இரண்டு முன்பிடிகள், ஒரே சாயத்தில். திருகு முடுக்கும் ஆலன் கீயை ரோண்டா என் கையில் வைத்தாள்.

“ஏதோ ஒன்ன மாட்டு, எர்ல். எதுன்னு எங்கிட்ட சொல்லாத.”

தம்பியையும் பட்டறையையும் என் தலையில் கட்டிவிட்டு லாரிக்குப் போய்விட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

திருகுகள் எட்டு. ஏழாவதை முடுக்கும்போது டெல் வாசலில் வந்து நின்றான், எனக்கும் சேர்த்துக் காப்பியோடு.

“ஆச்சா? நீ மாட்டுனா எனக்கு பயமில்லப்பா.”

எட்டாவது திருகை என்னால் எழுத முடியவில்லை. ஆலன் கீயை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முடுக்குவதற்கு முன் அவன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

நான் பார்க்கவில்லை.