பூச்சுக்கு முன்பே பால் காய்ச்சிய இதயம்

இதயத்துக்குக் கிரகப்பிரவேசம் முடிந்து வெகுநாளாகியும் வெளிப்பூச்சு வந்து சேரவில்லை. நேரில் போய் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பரஞ்சோதி கர்ப்பமாக இருந்த தன் மனைவி செவ்வந்தியின் வயிற்றுக்குள் இறங்கினார். செருப்பை வெளியே விட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

உள்ளே மகளின் இதயம் பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தது. வேலை முடியட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முகூர்த்தம் போய்விடும் என்று ஒற்றைக்காலில் நின்று பால் காய்ச்சியவர் அவர்தான். கதவு வைக்காத வீட்டுக்கே குடிபோனவருக்கு இதயம் எம்மாத்திரம்.

மேஸ்திரி லூர்துசாமி இன்னும் முளைக்காத விலா எலும்பின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"பூச்சு என்னய்யா ஆச்சு?"

"உள்பக்கம் வழவழன்னு முடிஞ்சிடுச்சு சார். வெளிப்பக்கத்து ஆளுங்க கல்லீரல் பக்கத்துலேருந்து நடந்து வரணும்."

"வரச் சொல்றதுதானே?"

"வந்துட்டாங்க. வழியில நிக்கிறாங்க."

நின்றார்கள். ஈரமான, மெல்லிய ஆட்கள். தோளோடு தோள் ஒட்டி ஒரே விரிப்பாக இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடுவழியில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் குங்குமத்தோடு உடைந்து கிடந்தது. உடைத்தவர் பரஞ்சோதி. யாரும் பார்க்காத குழந்தைமேல் ஊர்க்கண் பட்டுவிடுமாம்.

"அதைத் தாண்டக் கூடாதுல்ல சார். உடைச்சவங்க எடுத்துட்டா நாங்க வேலையப் பாப்போம்" என்றார் மேஸ்திரி.

"எடுத்தா திருஷ்டி எனக்கில்ல வரும்?"

"பூச்சு இல்லேன்னா இதயம் நெஞ்சுக்கூட்டோட உரசும் சார். ரெண்டு சவ்வு, நடுவுல துளி தண்ணி. அது இருந்தாத்தான் வழுக்கிட்டு ஓடும். இல்லேன்னா உரசி உரசியே நின்னுடும்."

பரஞ்சோதி யோசித்தார். பெரிய மனிதர்கள் யோசிப்பதுபோல் மேலே பார்த்து யோசித்தார். பிறகு, எப்போதும் கைவசம் வைத்திருக்கும் பொன்னாடையை எடுத்து இதயத்துக்குப் போர்த்தினார். அதன்மேல் கை வைத்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார். ஒரே துடிப்பில் பொன்னாடை நழுவியது. மறுபடியும் போர்த்தினார். இதயம் மறுபடியும் உதறியது. பிறப்பதற்கு முன்பே பிள்ளைக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்துவிட்டது.

மேலிருந்து செவ்வந்தி கேட்டாள். "என்னங்க, இன்னுமா முடியல?"

"வேலை நடந்துகிட்டிருக்கு!"

"என்னமோ உரசுற சத்தம் கேக்குது. எனக்குப் பயமா இருக்கு."

"வேலை நடந்துகிட்டிருக்கு!"

மேலிருந்து ஒரு துடைப்பம் இறங்கியது. பூசணிக்காயை ஒரே தள்ளில் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

விரிப்பு நகர்ந்தது. இதயத்தைச் சுற்றி ஏறி, எதிர்ப்பட்டதையெல்லாம் மூடிக்கொண்டே வந்தது.

"நகருங்க சார்" என்றார் மேஸ்திரி.

போட்டோவுக்கு நிற்கும்போது யாராவது நகர்வார்களா? பரஞ்சோதி கையை எடுக்கவில்லை. பூச்சு அவர்மேலும் ஏறி, நேர்த்தியாக முடிந்தது.

குழந்தை நல்ல கனத்தோடு பிறந்தது. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்தார்.

"இதயம் ஜம்முனு இருக்கு. கூடவே என்னமோ ஒரு சின்னச் சத்தம்."

செவ்வந்தி ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டாள்.

வேலை நடந்துகிட்டிருக்கு. வேலை நடந்துகிட்டிருக்கு.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும் டாக்டர்" என்றாள். "வீட்லயும் இதே சத்தம்தான்."