மருந்தில்லாப் பாதி

குஞ்சு உயரத்துக்குக் குனிந்தால்தான் குஞ்சு இழுக்கும் காற்று எப்படி இருக்கிறதென்று தெரியும். அதனால் அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் குந்துவாள். மரத்தூள் பரப்பிய தரைக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்து மூச்சை இழுப்பாள். கண் கரித்தால் அந்த இடத்தில் தூள் ஈரமாக இருக்கிறது, எச்சம் புளித்து ஆவி கிளம்புகிறது என்று அர்த்தம். கட்டி தட்டியதை அள்ளி வாளியில் போட்டுவிட்டுக் காய்ந்த தூளைத் தூவுவாள். கோழிப் பண்ணையில் அவளுக்கு மூக்கி என்று பெயர் வந்தது இப்படித்தான்.

கொட்டகையை நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நாலாயிரம் குஞ்சுகளை அவளுடைய நாத்தனார் பார்த்துக்கொண்டாள். அங்கே வழக்கமான தீவனம், ஆன்டிபயாடிக் தூள் கலந்தது. இந்தப் பக்கம் நாலாயிரம் குஞ்சுகள் மூக்கியின் பொறுப்பு. அதே தீவனம்தான், தூள் மட்டும் இல்லை. மருந்து போட்ட கோழி இனி வேண்டாம் என்று பெரிய கொள்முதல்காரர் ஒருவர் சொல்லிவிட்டதால் முதலாளி இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை.

"மருந்து இல்லாம குஞ்சு தேறாது. முப்பத்தஞ்சாம் நாள் எடை போடுவேன். உன் பக்கம் குறைஞ்சா, சரியாப் பாத்துக்கலன்னு உன்னைத்தான் அனுப்புவேன்" என்றார்.

வேலை போனால் பண்ணையின் பின்பக்கம் அவளும் கணவனும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கும் அறையும் போய்விடும்.

மூன்றாம் நாள் கால்நடை டாக்டரம்மா வந்தபோது அவள் நேராகக் கேட்டாள். "அந்தத் தூள் உள்ளே போய் அப்படி என்னதான் பண்ணுதுங்க?"

டாக்டரம்மா ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் வயிற்றை விரலால் தொட்டுக் காட்டினார். "குடலுக்குள்ள கோடிக்கணக்கில கிருமி இருக்கு. குஞ்சு தின்னறதுல அதுங்களும் ஒரு பங்கு தின்னுடும். கெட்டது சேர்ந்துட்டா, குடல் தன்னைக் காப்பாத்திக்கச் சுவரைத் தடிமனாக்கிக்கும். அதுக்கும் தீனிதான் செலவு. தடிச்ச சுவர்ல சத்தும் சரியா இறங்காது. மருந்து அந்தக் கூட்டத்தைக் குறைச்சுடும். சுவர் மெல்லிசாவே இருக்கும், மிச்சமான தீனி சதையாகும்."

"அப்போ பங்குக்கு வர்ற பங்காளிங்களை அடிச்சு விரட்டுது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா வருஷக்கணக்கா அடி வாங்கி வாங்கி அவங்கள்ல சில பேருக்கு உறைக்கறதே இல்ல. அந்த மாதிரி கிருமி மனுஷங்களுக்குத் தொத்திக்கிச்சுன்னா நமக்குக் குடுக்கற மருந்தும் கேக்காது."

"பங்காளி உள்ளே வர்றதுக்கு வழியே விடலைன்னா?"

"எல்லாரையும் தடுக்க முடியாது. ஆனா சுத்தமான கொட்டகையில மருந்து போட்டாலும் போடலைன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது."

அன்றிலிருந்து அவள் வழிகளைத் தேடினாள். குடிநீர்க் குழாயில் தொங்கும் முனைகளைக் குஞ்சு அலகால் தட்டினால் சொட்டும். முனை தாழ்ந்திருந்தால் பாதித் தண்ணீர் தரையில் விழுந்து மரத்தூளை நனைக்கும். குஞ்சு கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்கும்படி தினமும் ஒரு விரற்கடை உயர்த்தினாள். நாத்தனார் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு தடவைதான் உயர்த்துவார்கள்.

"குஞ்சுக்குத் தலை வாரி விடறதுதான் அண்ணி பாக்கி" என்றாள் நாத்தனார், வலைக்கு அப்பாலிருந்து.

"முதல்ல உன் தலையை வாருடி. உன் கோழியெல்லாம் கூடுன்னு நினைச்சு ஏறிடப் போகுது."

பன்னிரண்டாம் நாள் சிரிப்பு நின்றது. இந்தப் பக்கம் எச்சம் இளகியிருந்தது. நிறுத்துப் பார்த்ததில் அந்தப் பக்கத்தைவிடக் குஞ்சுக்குப் பதினைந்து கிராம் குறைவு. சூப்பர்வைசர் எடையைக் குறித்துக்கொண்டு போனார். அவள் அன்று முழுவதும் தரையைத் தேடினாள். எங்கும் ஈரமில்லை. கடைசியில் தண்ணீர்க் குழாயின் கோடி மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டாள். விரல் வழுக்கியது. வெளியே எடுத்தபோது பாசி மாதிரி கொழகொழப்பு ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது, ஆனால் வழியெல்லாம் பங்காளிகள் குடியிருந்தார்கள். டாக்டரம்மாவைக் கேட்டு வாங்கிய குழாய் கழுவும் திரவத்தை, குஞ்சுகள் குடிக்காதபடி முனைகளைத் தூக்கிக் கட்டிவிட்டு, குழாயில் நிரப்பி ஊறவைத்தாள். பிறகு வேகமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கோடியில் சாம்பல் நிறத் துணுக்குகள் கொட்டின. அதற்கு மூன்றாம் நாள் எச்சம் இறுகியது.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் சூப்பர்வைசர் தராசைத் தொங்கவிட்டார். டாக்டரம்மா நோட்டுடன் நின்றார். நாத்தனார் பக்கத்தில் தீனித் தட்டுகளை ஒட்டிப் படுத்திருந்தவற்றில் முப்பதைப் பிடித்தார் சூப்பர்வைசர். சராசரி இரண்டு கிலோ நூற்றுப் பத்து. மூக்கியின் பக்கத்தில் கதவோரமே முப்பது பிடித்தார். சராசரி ஒரு கிலோ தொள்ளாயிரம்.

"முடிஞ்சுது" என்றார்.

"முடியல சார்." அவள் தராசுக்கு முன்னால் வந்து நின்றாள். "தட்டுப் பக்கம் படுத்திருக்கறது நல்லாத் தின்னது. கதவோரம் ஒதுங்கி நிக்கறது மத்ததுங்க தள்ளிவிட்டது, ஓடக்கூட முடியாது. அதை மட்டும் பிடிச்சு நிறுத்தா எப்படி?"

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"அண்ணி சொல்றது சரிதான் சார்" என்றாள் நாத்தனார். "என் பக்கமும் கதவோரம் சோப்ளாங்கிதான் நிக்கும். வேணும்னா பிடிச்சுப் பாருங்க."

டாக்டரம்மா நோட்டை மூடினார். "தடுப்புப் பலகை கொண்டு வாங்க. ரெண்டு பக்கமும் மூணு இடத்தில வளைச்சு, உள்ளே சிக்கினது அத்தனையும் நிறுக்கணும். ஒண்ணுகூட விடக் கூடாது."

இரண்டு பெண்களும் பலகை பிடித்து வளைத்தார்கள். குண்டும் நோஞ்சானுமாக ஒவ்வொன்றாய்த் தராசில் ஏறின. மதியம் வரை பிடித்தது. மருந்துப் பாதி, இரண்டு கிலோ நாற்பத்தாறு கிராம். மருந்தில்லாப் பாதி, இரண்டு கிலோ நாற்பத்திரண்டு.

"நாலு கிராம் குறையுதே" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு தடவை எச்சம் போட்டா அதைவிட அதிகம் போயிடும் சார்" என்றாள் நாத்தனார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூக்கி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடிவந்த நாத்தனார் கையை விலக்கிப் பார்த்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "பங்காளிங்களைத் துரத்திட்டோம்டி!" கொட்டகையே அதிரும்படி இருவரும் சிரித்ததில் எட்டாயிரம் கோழிகளும் ஒருசேரத் தலை தூக்கின.

அடுத்த வாரமே முதலாளி பண்ணையின் நான்கு கொட்டகைகளிலும் மருந்துத் தூளை நிறுத்தினார். நான்கின் தரையும் குழாயும் அவள் பொறுப்பு என்றார். உதவிக்கு ஆள் மட்டும் தரவில்லை.

புதுக் குஞ்சுகள் இறங்கிய பிறகு கொள்முதல்காரரின் ஆட்கள் பார்க்க வந்தார்கள். கொட்டகைக்குள்ளிருந்து சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "பங்காளி உள்ளே வர்றதுக்கு வழியே விடக் கூடாது, இதான் நான் கண்டுபிடிச்ச முறை." முதலில் உள்ளே போனவர்கள் பலமாகத் தலையாட்டுவது வலைவழியே தெரிந்தது. வாசலில் மூக்கி தரையில் உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்களின் ஷூக்களுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தபடியே அவள் தோளில் கையை ஊன்றி, அடுத்த காலைத் தூக்கி நீட்டினார்.