அலவத்துகொட மீனுக்குச் சீனி வருத்தம்

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் வாப்பா. ஒரே நிபந்தனை, குற்றவாளியின் பெயரும் கடையின் பெயரும் பிழையில்லாமல் வர வேண்டும். குற்றவாளி அவர்தான். கடையும் அவருடையதுதான்.

(இலக்கியத்தில் இப்படியொரு வேண்டுகோள் முன்னர் வந்திருக்கிறதா என்று தெரியாது. நான் தமிழ் சிறப்புப் பட்டம் படிக்கிறேன். வாசிக்க நேரம் கிடைப்பதில்லை.)

கதை ஒரு மீனின் வயிற்றில் தொடங்குகிறது. "வயித்துல இல்ல, ஈரல்ல," என்று யசோதா திருத்துகிறாள். அவள் என் வளாகத்திலேயே இரசாயனவியல் படிப்பவள், மஹய்யாவக்காரி. மனிதர் விழுங்கும் மருந்து எவ்வளவு தூரம் ஆற்றுக்கும் மீனுக்கும் போய்ச் சேர்கிறது என்பது அவளுடைய இறுதி ஆண்டு ஆய்வு. அதற்கு ஓர் அழுக்கு இடமும் ஒரு சுத்தமான இடமும் வேண்டும். அழுக்கு இடம் கண்டியில் தாராளம். நகரத்துச் சாக்கடை மகாவலியில் விழும் இடத்தில் வலையைப் போட்டாள். அந்த மீன்களில் பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, நித்திரை மாத்திரை எல்லாம் இருந்தன. மொத்த நகரமும் கவலைப்பட்டிருக்கிறது. மீன் மட்டும் நிம்மதியாக உறங்கியிருக்கிறது.

சுத்தமான இடம் எங்கள் அலவத்துகொட ஓடை. ஆஸ்பத்திரி இல்லை, தொழிற்சாலை இல்லை, பளிங்குத் தண்ணீர். அந்த மீனைக் கருவியில் கொடுத்தபோது மெட்போமின் வந்தது. அது சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கொடுக்கும் மாத்திரை. கண்டி மீனைவிட எங்கள் மீனில் அதிகம். எங்கள் ஊர் கண்டியை முந்திய முதல் சந்தர்ப்பம்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "சுத்தமான இடம் சுத்தமா இல்லாட்டி அது உங்கட பிழை. காரணத்தோட வாங்க. இல்லாட்டி அடுத்த வருஷம் முதல்ல இருந்து செய்ங்க."

யசோதாவின் ஒரு வருடம் ஒரு மீனின் ஈரலில் மாட்டிக்கொண்டது.

2.

இனித் தொடக்கம்.

தொடக்கம் ஒன்று: "மகாவலி அன்று கண்ணீர்" — வெட்டினேன். மகாவலிக்கு வேறு வேலை இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "நாவலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அதன் முதலாளி" —

இதை யசோதாவிடம் காட்டியிருக்கக் கூடாது.

"ஏன்டா நாவலப்பிட்டி? ஒங்க கடைய பேத்துக் கொண்டாந்து எங்க மலையகத்து ஆளுங்க தலையில வைக்கிறியா? கொண்டுபோயி ஒங்க ஊர்லயே வையி."

வைத்துவிட்டேன். இப்திகார் பாமசி, அலவத்துகொட. முதலாளி இப்திகார்.

இந்தப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் உண்டு. நம்ப முடியாத அளவுக்கு நல்லவர். மாத்திரை போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு கடதாசி உறையிலும் பிஸ்மில்லாஹ் அச்சடித்திருக்கிறார். கடையில் பரகத் என்னும் இறையருள் இருக்குமாம், நோயும் சுகமாகுமாம். திருத்தி எழுதலாம் என்றால் காலையில் அவரோடுதான் தேத்தண்ணி குடித்தேன்.

3.

காரணம் தேடி யசோதா ஊருக்கு வந்தாள். வந்த பஸ்ஸில் தலையிடி. நான் எங்கள் கடைக்குக் கூட்டிப்போனேன், பனடோல் கேட்டாள். வாப்பா உறையில் போட்டுக் கொடுத்தார்.

"மிச்சம் வந்தா உறையோட குப்பைல போட்டுடாதீங்க புள்ள. அல்லாட பேர் ஈக்கி."

"அப்ப என்னா செய்யறது அங்கிள்?"

"ஓடுற தண்ணில விடுங்க. மரியாதயா போகும். எங்கட ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான். ஆள் மவுத்தான ஊட்டுல மிஞ்சின மருந்தும் அப்பிடித்தான். நான்தான் செல்லிக் குடுத்த."

(பழைய குர்ஆன் ஓதல் தாள்களை ஓடும் தண்ணீரில் விடுவது எங்கள் வழக்கம். அந்தத் தாளுக்குள் மாத்திரையைப் போட்டுக் கொடுத்ததுதான் வாப்பாவின் கண்டுபிடிப்பு. அதைவிட, எங்கள் ஊரில் மாத்திரை மிஞ்சாத வீடு கிடையாது. இரண்டு நாள் விழுங்கி, தலைச்சுற்று நின்றதும், மிச்சத்தை மரியாதையாக மீனுக்குக் கொடுத்துவிடுவோம்.)

யசோதா என்னைப் பார்த்தாள். பஸ் ஹோல்ட்டில்தான் வாயைத் திறந்தாள்.

"ஒங்க வாப்பா ரொம்ப நல்ல மனுசன்டா. அதான் பிரச்சன. அவரப் பத்தி நான் எழுத மாட்டேன். 'காரணம்'னு போட்டு எடம் விட்டு ஒனக்கு அனுப்புறேன். எழுதுறதா இருந்தா நீ எழுது."

"எழுதல்லாட்டி?"

"ஒரு வருசம் மீன் பிடிக்கிறேன்."

4.

காரணம்: இயற்கை. (எந்த இயற்கையும் மாத்திரை காய்ப்பதில்லை.)

காரணம்: பெயர் தெரியாத சிலர். (பெயர் கடைப் பலகையில் பச்சை எழுத்தில் இருக்கிறது.)

காரணம்: அப்பிரதேசத்தில் நிலவும் ஒரு பண்பாட்டு நடைமுறை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. படித்தவன் எழுதியது போலவே இருந்தது. யாருக்கும் ஒன்றும் விளங்காது. லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்த வாப்பா பின்னால் நின்று அதை வாசித்தார்.

"அது யாரு மகன், பண்பாட்டு நடைமுறை?"

"நீங்க, வாப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீனுக்குச் சீனி வருத்தம் இல்லயே."

"இல்ல. ஆனா மருந்து மட்டும் ஒழுங்கா எடுக்குது."

"உன்ட பெரியப்பாவ விட," என்றார். உறையை மேசையில் வைத்தார்.

"காரணம் இல்லாட்டி அந்தப் புள்ளைக்கு ஒரு வருஷம் போகுமா?"

"போகும்."

"அப்ப என்ட பேர ஏன் ஒளிக்கிற? போடு. இப்திகார் பாமசி எண்டு போடு. கடைட பேர் தெரிஞ்சாத்தானே சனம் மாத்திரய திருப்பிக் கொண்டுவரும்?"

போட்டேன். யசோதா தப்பினாள். பேராசிரியர் காரணத்தை ஏற்றுக்கொண்டார், கடையின் பெயரை மட்டும் வெட்டிவிட்டார். ஆய்வில் ஆள் பெயர் கூடாதாம். வாப்பாவின் மனக்கசப்பு அதில்தான். "நான் ஒத்துக்கொண்டத அவர் எப்பிடி வெட்டுற?" ஆகவே இந்தக் கதை.

5.

முடிவுகள்.

முடிவு அ: உறையிலிருந்து பிஸ்மில்லாஹ் நீக்கப்பட்டது. (கேட்டுப் பார்த்தேன். அன்று பகல் சோற்றுக்குக் கறி இல்லை.)

முடிவு ஆ: ஓடை சுத்தமாகி, மீன்கள் குணமடைந்து, யசோதா — இல்லை. அவள் அடுத்த மழைக்குப் பிறகுதான் வலை போடுவாள். மீனைக் கேட்காமல் நான் எழுத முடியாது.

முடிவு இ, நடந்தது: வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் வாப்பா, மிஞ்சிய மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். சனம் கொண்டுவந்தது. இப்போது உறை வேறு, மாத்திரை வேறு. வெறும் உறை மரியாதையாக ஓடைக்குப் போகிறது. மாத்திரை ஓர் அரிசி மூட்டை நிறைய நிற்கிறது. குப்பை வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, சிங்களத்தில் "மேக்க பே" என்றார். முடியாது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியிலும் சொல்ல ஏலாது. ஆஸ்பத்திரியில் கேட்டால், அவர்கள் கொடுத்த மாத்திரை என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். யசோதாவிடம் கேட்டேன். "கண்டுபிடிக்கத்தான் படிச்சேன். கொண்டுபோய்ப் போட எங்களுக்குச் சொல்லித் தரலயே."

இவ்வகைக் கதைகளில் எழுதுகிறவன் முடிவை உங்களிடம் விடுவது வழக்கம். நான் மூட்டையை விடுகிறேன். கண்டி மாத்தளை வீதியில், பச்சை எழுத்துப் பலகை. பெயரை மேலே எழுதியிருக்கிறேன். கடைக்குள் இடமில்லாததால் பின்வாசல் படியில் வைத்திருக்கிறோம்.

படிக்குக் கீழே ஓடை. மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. சுருக்கா வாங்க.