அந்தோனியார் எடுத்துத் தந்த தாலிக்கொடி

மெக்சிக்கோவின் கன்குனில் இறங்கி இரண்டாம் நாளே ஷாமிலாவுக்குச் சாப்பாடு வெறுத்துவிட்டது. சாப்பாட்டில் பிழையில்லை. சாப்பிடுகிறவர்களைப் பார்த்துத்தான்.

ஸ்காபரோவிலிருந்து பதினான்கு பேர், ஏழு நாள், எல்லாச் செலவும் முன்கூட்டியே கட்டியாயிற்று. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கழற்ற முடியாத செம்மஞ்சள் பட்டி. அதைக் காட்டினால் எந்த நேரமும் எதையும் தின்னலாம், குடிக்கலாம். அல்பேட் மாமா இறாலில் ஒரு தட்டு, இறைச்சியில் ஒரு தட்டு, கேக்கில் ஒரு தட்டு என்று மேசை முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டு, "உப்புமில்லை உறைப்புமில்லை, மாட்டுக்கு வைக்கிற சாமான்" என்று தள்ளி வைப்பார். அவருடைய மனைவி கிளடிஸ் மாமி உடனே கைப்பையைத் திறந்து இடிச்ச சம்பல் போத்தலை எடுப்பார். ரொறொன்ரோவிலிருந்து இரண்டு போத்தல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடித்த தட்டுகளை ஒருவன் வந்து அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டுவான். மாமா இன்னொரு தட்டு எடுக்க எழும்புவார்.

கடற்கரையும் படத்தில் பார்த்த கடற்கரை இல்லை. இரவிரவாகக் கரையொதுங்கிய பாசி குவிந்து, கூழ்முட்டை நாற்றம் நாறியது. விருந்தினர் எழும்பமுதல் அதை வாரி ஏற்ற இருபது பேர் வெயிலில் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவால் நடந்துபோய் மாமி செல்பி எடுத்தார். வேலையாட்கள் படத்தில் விழாமல் கைபேசியைச் சரித்துப் பிடித்தார்.

இதற்கெல்லாம் ஷாமிலாவின் பட்டமளிப்புப் பயணம் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் முதல்முதல் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வரவா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கிளடிஸ் மாமி அப்பாவின் மூத்த அக்கா. இருபது வருடத்துக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் மூன்று வயது ஷாமிலாவையும் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். அவர் போவோம் என்றால் போவதுதான்.

அம்மா அன்ரனெற், விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு ஹொட்டேலில் அறை துப்புரவாக்குகிற வேலை. இங்கேயும் காலையில் எழும்பினால் கட்டில் விரிப்பைத் தானே இழுத்துச் சரிசெய்வாள். ஈரத் துவாய்களை ஒரு குவியலாக வைப்பாள். குப்பைப் பையை முடிச்சுப் போடுவாள். வாசலில் நின்று பார்த்த மாமிக்குச் சிரிப்பு.

"என்ன அன்ரனெற், லீவிலயும் டியூட்டியோ? அறை கூட்டிறவளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள் தானே."

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஷாமிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியில் பாதி, அம்மாவில் பாதி.

நான்காம் நாள் காலை மாமியின் அறையிலிருந்து ஒப்பாரி கேட்டது. பதினொரு பவுண் தாலிக்கொடியைக் காணவில்லை.

"கடலுக்க போகேக்க அலை இழுத்துப் போடும் எண்டு நேற்றுப் பின்னேரம் கழட்டினனான். தலகணிக்குக் கீழதான் வைச்சனான். எடுத்தது அந்தக் கூட்டிற பெட்டைதான். வேற ஆர் அறைக்க வந்தது?"

"மாமி, வடிவாத் தேடினீங்களோ? சேஃப் பெட்டிக்க?" என்று கேட்டாள் ஷாமிலா.

"உந்தப் பெட்டிக்கு ஹொட்டேல்காரனிட்டயும் திறப்பு இருக்கும். நான் என்ன விசரியே அதுக்க வைக்க?"

முந்தின நாள் பின்னேரம் நீச்சல் தடாகத்து ஓரத்தில் மாமி தேங்காய்ப்பால் கலந்த அன்னாசி யூஸ் என்று ஆறு கிளாஸ் குடித்தார். அது வெறும் யூஸ் இல்லை, றம் கலந்தது என்று அம்மா இரண்டு தரம் சொன்னாள். மாமி கேட்கவில்லை.

மனேச்சரின் அறையில் குளிர் உறைந்தது. மாமிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஷாமிலாவைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார்.

"எங்கட பிள்ளை கம்பசில ஸ்பானிஷ் படிச்சவள். நீ கதை. அவளின்ர பாசையிலயே அவளைக் கேள், அப்பதான் முகத்தில தெரியும்."

துப்புரவுப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். சட்டையில் குத்தியிருந்த தகட்டில் லூபே என்றிருந்தது. நாற்பது வயதிருக்கும். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். விரல் நுனிகள் வெளிறி, தோலுரிந்து இருந்தன. அம்மாவின் விரல்கள்போல. ஷாமிலா இரண்டு தவணை ஸ்பானிஷ் படித்து எண்பத்தெட்டுப் புள்ளி எடுத்தவள். ஒரு பிழையும் விடாமல், மரியாதைச் சொல் போட்டுத்தான் கேட்டாள்: நீங்கள் நகையை எடுத்தீர்களா?

"இல்லை, செனோரித்தா" என்றாள் லூபே. மாமியைப் பார்க்கவில்லை, ஷாமிலாவைத்தான் பார்த்தாள்.

"பாத்தியே, முகம் வெளிறுது" என்றார் மாமி. "அவளைத் தவிர ஒருத்தரும் அறைக்க வரேல்லை எண்டு சொல்லு. எழுதச் சொல்லு."

ஷாமிலா சொன்னாள். மனேச்சர் எழுதினார். மாமி கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் அறைக்கு வேறொருத்தி வந்தாள். ஹொட்டேல் வருத்தம் தெரிவித்து, அடுத்த முறை வந்தால் ஐந்து இரவு இலவசம் என்று ஒரு கடிதமும் ஒரு தட்டுப் பழமும் அனுப்பியது. மாமா பழத்தில் ஒரு கடி கடித்துவிட்டு வைத்தார்.

ரொறொன்ரோ திரும்பி மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெக்ஸ்போட்டில் இருக்கும் மாமியின் வீட்டுக்கு ஷாமிலாவும் அம்மாவும் போனார்கள். புட்டு அவித்திருந்தார். தொட்டுக்கொள்ள, கொண்டுபோய்ச் சாப்பிடாமலே திருப்பிக்கொண்டு வந்த இரண்டாவது சம்பல் போத்தலை எடுத்து ஷாமிலாவிடம் நீட்டினார்.

"இறுகிக் கிடக்கு, ஒருக்காத் திற பிள்ளை."

திறந்து கரண்டியை விட்டாள். கரண்டி எதிலோ தட்டுப்பட்டது. கிண்டினாள். மிளகாயும் எண்ணெயும் வடிய, பதினொரு பவுணும் நீளமாகக் கரண்டியோடு எழும்பி வந்தது.

யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. தமிழ் வீடு என்றால் நகை இருக்கும் என்று தெரிந்து உடைக்கிற கள்ளருக்குப் பயந்து, இந்தக் குடும்பத்தில் எல்லாரும் பொன்னை அரிசி வாளிக்குள்ளும் மாச் சட்டிக்குள்ளும்தான் ஒளிப்பார்கள். அன்றைக்கு வெறியிலும் மாமியின் கை பழக்கப்பட்ட இடத்துக்கே போயிருக்கிறது. புத்திக்குத்தான் அது தெரியவில்லை.

"அந்தோனியாரே, என்ர ராசா" என்று மாமி கொடியைக் கண்ணில் ஒற்றினார். உறைப்புப் பட்டுக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சிரிப்பினம்."

"அப்ப அந்தப் பொம்பிளை?" என்றாள் ஷாமிலா.

"எந்தப் பொம்பிளை?"

அந்தக் கேள்வியில் நடிப்பே இல்லை. மாமிக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. அதுதான் ஷாமிலாவுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஹொட்டேலுக்கு எழுதினாள். நகை கிடைத்துவிட்டது, களவு நடக்கவில்லை, அந்தப் பெண்ணில் ஒரு குற்றமும் இல்லை. பதில் நாலு நாளில் வந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, கடைசிச் சம்பளம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முறைப்பாட்டைச் செய்த விருந்தினரே கையெழுத்திட்டு மீளப்பெற்றாலொழிய எதுவும் செய்வதற்கில்லை. ஒரு பக்கப் படிவமும் இணைத்திருந்தார்கள்.

அச்சடித்துக்கொண்டு போனாள். மாமி பார்த்துவிட்டு மேசையில் குப்புற வைத்தார்.

"கையெழுத்து வைச்சா அந்த அஞ்சு நாள் என்னாகிறது? நத்தார் லீவுக்கு ரிக்கெற்றும் போட்டாச்செல்லே."

"மாமி, அவவின்ர வேலை போட்டுது."

"உவையளுக்கென்ன, கடற்கரை முழுக்க ஹொட்டேல்தானே. ஒண்டு போனா இன்னொண்டு. நீயும்தானே பக்கத்தில நிண்டு சொன்னனி. இப்ப என்னைப் பிழைகாரி ஆக்கிறியோ?"

அந்தக் கடைசிக் கேள்வி நல்லாகக் குத்தியது. குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தியது.

அப்பா சீமோனிடம் சொன்னாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. "விடு பிள்ளை. அக்கா இல்லாட்டி நாங்கள் இங்க இல்லை." இந்த ஒரு வசனத்தைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள். இப்போது அதைத் தின்னாமல் எழும்பிப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமி வீட்டில், காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு நன்றிச் செபம். வாசலில் முப்பது சோடிச் செருப்பு. சுருபத்துக்கு நீலமும் பச்சையுமாக மின்னி மின்னி எரிகிற லைற். தட்டில் மந்திரிக்க வைத்த சின்னப் பாண் ரொட்டிகள். செபத்தை நடத்தியது வேரோனிக்கா அன்ரி. அந்தப் பகுதியில் எந்த வீட்டுச் செபமும் அவர் இல்லாமல் தொடங்காது. மாமி எழுந்து சாட்சி சொன்னார்.

"மெக்சிக்கோவில களவு போன என்ர தாலிக்கொடியை அந்தோனியார் எடுத்துத் தந்தவர். நான் ஒன்பது செவ்வாய் நேர்ந்தனான். நாலாவது செவ்வாய்க்கு முதலே கையில கொண்டுவந்து தந்திட்டார்."

"எப்பிடிக் கிளடிஸ் கிடைச்சது?"

"விசுவாசம். அவ்வளவுதான் சொல்லுவன்."

போத்தலைக் காணோம். சம்பலைக் காணோம். களவு மட்டும் அப்படியே இருந்தது. பின்வரிசையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்தார்.

பிறகு மன்றாட்டு. வட்டமாக ஒவ்வொருவராகத் தங்கள் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வது வழக்கம். ஒருவருக்கு மகனின் சோதனை. ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்கு பிறம்ரனில் வாங்கப்போகிற வீடு. ஷாமிலாவின் முறை வந்தது. வழக்கமாக அவள் தலையை ஆட்டி அடுத்தவரிடம் விட்டுவிடுவாள்.

"கிளடிஸ் மாமி தன்ர தாலிக்கொடியைச் சம்பல் போத்தலுக்க ஒளிச்சு வைச்சிட்டு மறந்துபோனா" என்றாள். "அதை எடுத்தது அறை கூட்டின பொம்பிளை எண்டு முறைப்பாடு குடுத்தா. நான்தான் மொழிபெயர்த்தனான். அந்தப் பொம்பிளையின்ர வேலை போட்டுது. கையெழுத்து ஒண்டு வைச்சா அவவின்ர பேர் துப்புரவாகும், மாமி வைக்கமாட்டன் எண்டுறா. அந்தப் பொம்பிளைக்காகவும், பொய் சொன்ன எங்களுக்காகவும் ஆண்டவரை மன்றாடுறன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் முப்பது பேரும் ஒரே குரலில்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர்களின் புத்தியில் ஏறியது. யாரோ இருமினார்கள். அல்பேட் மாமா தட்டிலிருந்த பாண்களை எண்ணுகிறவர்போலக் குனிந்தார்.

"உவளுக்கு விசர்" என்றார் மாமி. "படிச்சுப் படிச்சு மூளை கலங்கிப் போட்டுது. அன்ரனெற், உம்மட மகளைக் கூட்டிக்கொண்டு போம்."

அம்மா எழுந்தாள். ஷாமிலாவும் எழுந்தாள், அம்மா தன்னைக் கையில் பிடித்து இழுக்கப்போகிறாள் என்று நினைத்து. அம்மா அவளுடைய பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். பேனையையும் எடுத்தாள். இரண்டையும் கொண்டுபோய் மாமியின் மடியில் வைத்தாள்.

"கையெழுத்து வையுங்கோ மச்சாள்."

"என்ன?"

"நானும் கட்டில் விரிக்கிறவள்தான். நாளைக்கு ஒருத்தி என்னைக் கை காட்டினா ஆர் எனக்காகக் கையெழுத்து வைப்பினம்? வையுங்கோ."

இருபது வருடத்தில் அம்மா மச்சாளிடம் ஒன்றை வேண்டுமென்று கேட்டது அன்றைக்குத்தான். அப்பா சுவரைப் பார்த்தார். வேரோனிக்கா அன்ரி செபப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"வைச்சுவிடும் கிளடிஸ்" என்றார். "வைச்சா மிச்சத்தைச் சொல்லி முடிக்கலாம். சனத்துக்கு நாளைக்கு வேலை."

மாமி வைத்தார். மனம் திரும்பி வைக்கவில்லை; முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் வைத்தார். பேனை தாளைக் கிழித்தது. "இனி இந்த வீட்டு வாசலுக்கு வரக்கூடாது" என்று ஷாமிலாவைப் பார்த்துச் சொன்னார். மிச்ச மன்றாட்டுகள் நடந்தன. பாண் கொடுத்தார்கள். பின்வரிசைக் கிழவி தேத்தண்ணியோடு ஷாமிலாவிடம் வந்து, தணிந்த குரலில், "பிள்ளை, ஏழு நாளுக்கு ஆளுக்கு எவ்வளவு முடிஞ்சது? கடல் வடிவோ?" என்று கேட்டார். ஷாமிலா பாணைத் தொடவில்லை. படிவத்தைப் படமெடுத்து, செருப்புகளுக்கு நடுவே நின்றபடியே அனுப்பினாள்.

பதில் இரண்டு கிழமைக்குப் பிறகு வந்தது. வேலையில் இருந்தாள், மதிய இடைவேளையில் படித்தாள். முறைப்பாடு நீக்கப்பட்டது. பிடித்து வைத்த சம்பளம் கொடுத்தாயிற்று. இலவச இரவுகள் இரத்து. வேலையைத் திருப்பித் தருவதாக அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஷாமிலா கடைசி வரியை இரண்டாம் தரமும் படித்தாள். கன்குனில் இறங்கிய நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவளுக்குப் பிடித்த முதல் சங்கதி அதுதான். அம்மாவுக்குக் கைபேசியில் அடித்துச் சொன்னாள். அம்மா ஹொட்டேலில், ஏதோ ஒரு அறையில் நின்றிருந்தாள். பின்னால் தூசி உறிஞ்சியின் இரைச்சல்.

"வரமாட்டன் எண்டவவோ?" என்றாள் அம்மா. இரைச்சல் நின்றது. "நல்லாச் சொன்னா."